‘புள்ள வூடு வந்து சேந்துச்சா?’

இரண்டு வருடத்துக்கு முன்பு, கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் மாணவர்களுக்கான ராஜதந்திர மாநாடு நடந்தது. ஆளுக்கொரு நாட்டின் பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு, கோட்டு போட்டு வாதாடுவார்களே, அதுதான். சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஓர் அம்மா, போர் நடக்கும் நாடுகளில் இரண்டு தரப்போடும் பேசி, உணவு லாரிகளை உள்ளே கொண்டுபோகிறவர். துப்பாக்கியோடு நிற்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்காதா என்று ஒரு மாணவி கேட்டாள்.

"ரொம்ப இருக்கும்மா. அவங்களுக்கும் ஏதோ பயம் இருக்கும். முதல்ல அதைக் கேட்டுடுவேன்" என்றார். மேடைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும் கைதட்டினேன்.

சாயங்காலம் அவருக்குக் கல்வராயன் மலையைக் காட்டக் காரில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கரும்புக் கொல்லை ஓரமாக ஒரு சிறுமி பள்ளிப் பையோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பஸ் கம்மி; நடந்து போகிற பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். "ஏறிக்க பாப்பா" என்று கதவைத் திறந்தேன். வீலென்று கத்திக்கொண்டு கரும்புக்குள் ஓடிவிட்டாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் காரில் சுற்றுகிறது என்று அந்த வாரம் செல்போனில் புரளி பரவிக் கிடந்தது. பாழாய்ப்போன என் புத்திக்கு அது அப்போது உறைக்கவில்லை.

சாலை சுற்றிப் போய் நாங்கள் சேர்வதற்குள் சேதி முந்திவிட்டது; அடுத்த ஊர் எல்லையில் பைக்குகள் குறுக்கே நின்றன. மளமளவென்று கூட்டம் சேர்ந்தது. ஒருவர் கையில் கரும்பு வெட்டும் கத்தி.

"இன்னாத்துக்குடா புள்ளைய ஏத்தப் பாத்தீங்க? எறங்குங்கடா!"

கண்ணாடியில் தடதடவென்று அடி விழுந்தது. வீட்டில் இருக்கும் என் இரண்டு பிள்ளைகளின் முகம்தான் கண்ணில் வந்தது. டிரைவர் ரிவர்ஸ் எடுக்கப் போனார். அந்த அம்மா அவர் தோளை அழுத்தி, "வேணாம், ஓடினா நாமதான் பிள்ளை பிடிக்கிறவங்கன்னு முடிவு பண்ணிடுவாங்க" என்றார். பிறகு இரண்டு கையும் தெரியும்படி மெதுவாக இறங்கினார்.

நாங்கள் யார் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"புள்ள பத்திரமா வூடு வந்து சேந்துச்சா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், அந்தச் சிறுமியின் தாய், உடைந்துபோய், "வந்துடுச்சுங்க... பயந்துபோய் அழுதுகினே இருக்குதுங்க" என்றாள்.

"எங்களாலதான் பயந்துட்டா. மன்னிச்சுக்குங்க" என்று கைகூப்பினார். அதன் பிறகுதான் என்னைக் காட்டி, எந்தக் கல்லூரி என்று சொன்னார். கூட்டத்தில் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஐயோ, இவங்க எங்க பொண்ணோட காலேஜ் டீச்சருங்க!" என்றார். கத்தி தாழ்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தாயே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தினர் வாங்கிக் குடித்தபோது பாதித் தண்ணீர் புடவையில் சிந்தியது. அவர் கை அப்படி நடுங்கியது.

இன்றும் யாராவது என்மேல் கோபமாகப் பாய்ந்தால், என் நியாயத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன் நடுங்கிய அந்தக் கையும் சொம்பும் கண்முன் வருகின்றன. அவர்களுக்கு என்ன பயம் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.