கைதி சொன்ன மலையாளம்

நான் போலீஸில் சேர்ந்த புதிதில், நிலக்கோட்டையில் பூ வேனைத் திருடிக்கொண்டு கேரளாவுக்கு ஓடியவனைப் பிடித்துவர ஏட்டையாவையும் என்னையும் அனுப்பினார்கள். அங்கே ஒரு டீக்கடையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவனைச் சுலபமாகப் பிடித்துவிட்டோம். ஆனால் மாநிலம் தாண்டிக் கூட்டிவர அந்த ஊர் நீதிபதியின் அனுமதி வேண்டும். அவர் பேசிய மலையாளம் எங்கள் இருவருக்கும் புரியவில்லை. திருதிருவென்று விழித்தோம்.

"நான் சொல்றேன் சார்" என்று கைதியே முன்வந்தான்.

தன் மேலிருந்த குற்றச்சாட்டை அவனே ஒன்றுவிடாமல் மலையாளத்தில் எடுத்துச் சொன்னான். நீதிபதி சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசியாக அவனைக் காட்டி எங்களிடம் ஏதோ சொன்னார்.

"ஏலே, என்ன சொல்றாரு?" என்றார் ஏட்டையா.

"போற வழியில எனக்குப் பிரியாணி வாங்கித் தரணுமாம் சார்."

நீதிபதியின் உத்தரவாயிற்றே! பயந்துபோய் வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்தி வாங்கிக் கொடுத்தோம். அவன் பாதி சாப்பிட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"நெசமாவே பிரியாணின்னா சொன்னாரு?"

"சாப்பாடுன்னாரு சார். நம்ம திண்டுக்கல்காரங்களுக்கு அத வேற எப்பிடிச் சொல்றது?"

ஏட்டையா அவன் இலையை எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லிருக்கான்" என்று சொல்லிவிட்டு, தனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.