நர்ஸ் நோட்ஸில் 'நான்' கிடையாது

1. ஐ திங்க்

நர்ஸாகச் சேர்ந்த முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நோட்ஸில் 'ஐ திங்க், பேஷன்டுக்கு வலி அதிகம்' என்று எழுதியிருந்தேன். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார்.

"நீ என்ன திங்க் பண்றேன்னு யாரும்மா கேட்டா? பார்த்ததை எழுது. 'டாக்டர் இன்ஃபார்ம்டு'ன்னு எழுது. கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு."

அவர் சொன்னது சரிதான். நோட்ஸில் ஊகத்துக்கு இடமில்லை. 'தூங்குகிறார்' என்றுகூட எழுத மாட்டோம், 'தூங்குவதுபோல் தெரிகிறது' என்றுதான் எழுதுவோம். அப்படியே எழுதிப் பழகி, 'நான்' என்ற சொல்லே எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. பின்னாளில் பெங்களூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் டீச்சரான பிறகு, பிள்ளைகளை பிஎச்.டி. பண்ணச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருப்பேன். அப்போதுதான் இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்று புரிந்தது.

2. ஸ்வல்ப

ஜெசிந்தா எம்.எஸ்சி. கடைசி வருஷம். பெங்களூர் ஆஸ்டின் டவுன் பெண். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும், வாய் மட்டும் ஓயாது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு ஓட்டை ஃபேன், ஆறிப்போன டீ, ஊர்ப்பட்ட அரட்டை. அந்த அறையை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அங்கேதான் ஒரு மத்தியானம் சொன்னாள்.

"மேடம், சிசேரியன் ஆன பொண்ணுங்ககிட்ட பத்துக்கு எவ்ளோ வலின்னு கேக்கறோம் இல்ல? எல்லாம் 'ஸ்வல்ப சிஸ்டர், ஸ்வல்ப'ன்றாங்க. கொஞ்சம்தானேன்னு நாமளும் ரெண்டு, மூணுன்னு எழுதிடறோம். மாமியாரு பக்கத்துலயே நிக்குது, பின்ன இன்னா சொல்லும்? நான் அந்தம்மாவை டீ குடிச்சிட்டு வாங்கன்னு கேன்டீனுக்கு அனுப்பிடுவேன். அது கதவைத் தாண்டறதுக்குள்ள பொண்ணு அழுவும். எட்டு, ஒம்போதுன்னும்."

எனக்குக் கை பரபரத்தது. "அடிப்பாவி! இதுதான்டி பிஎச்.டி. டாபிக். இதை வெச்சுக்கிட்டு டீ குடிச்சிட்டிருக்கியே!"

"போங்க மேடம். இது டெய்லி பண்ற வேலை. இதுல இன்னா ரிசர்ச்?"

அவளுக்கு கல்ஃபில் ஒரு ஆஸ்பத்திரி வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவள் அப்பா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். என்னைப் பார்க்கக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"இன்னும் படிக்கணும்ன்றீங்களாம். இவ படிச்சிக்கினே இருந்தா எப்ப மேடம் வேலைக்குப் போறது?"

நியாயமான கேள்வி. "இன்டர்வியூ ஒண்ணே ஒண்ணு, அண்ணா. சீட் கிடைக்கலேன்னா நானே ஏர்போர்ட் வந்து வழியனுப்பி வைக்கிறேன்" என்றேன். அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ப்ரபோசல் எழுதிக்கொண்டு வந்தாள். படித்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. 'அவதானிக்கப்பட்டது', 'கவனிக்கப்பட்டது', 'மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது.' இப்படியே பக்கம் பக்கமாக.

"யாருடி பார்த்தது? செவுரா பார்த்துச்சு?" என்று கத்தினேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

3. இன்டர்வியூ

கைடு என்ற முறையில் எனக்கும் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. சேர்மன் ஒரு மூத்த மகப்பேறு டாக்டர்.

"இந்த அப்சர்வேஷன் யாரோடது? எந்தக் கன்சல்டன்ட் சொன்னாரு?" என்று கேட்டார்.

ஜெசிந்தா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள். 'சொல்லித் தொலையேன்டி' என்று மனசுக்குள் கத்தினேன். போச்சு, கல்ஃப்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"யாரும் சொல்லல சார். நான்தான் பார்த்தேன்."

"என் ரவுண்ட்ஸ்ல ஒருத்தரும் அப்படி வலின்னு சொன்னதில்லையேம்மா?"

"நீங்க வந்தா இன்னும் பயப்படுவாங்க சார். மாமியார் வெளிய போகணும், டாக்டரும் போகணும். அப்புறம்தான் வாய் தெறக்கும்."

அவருக்குப் பக்கத்திலிருந்த கமிட்டி மேடம் சிரித்துவிட்டார். சேர்மன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "முதல்லேர்ந்து சொல்லும்மா. மெதுவா."

அரை மணி நேரம் கழித்து வராந்தாவுக்கு வந்தவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மேடம், பார்த்தீங்களா? இத்தினி நாளா டாக்டர் சொல்லுவாரு, நாம எழுதிப்போம். இன்னிக்கு நான் சொல்லச் சொல்ல அவரு எழுதிக்கிறாரு மேடம்." அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

சீட் கிடைத்தது. கல்ஃப் வேலையை அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா கொஞ்ச காலம் என்னைக் கண்டால் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவள் டாக்டர் ஜெசிந்தா, அவளிடமே நாலு பிள்ளைகள் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

இன்றைக்கும் மாணவிகள் என்னைக் கேட்பார்கள்: "பிஎச்.டி. பண்ணா என்ன மேடம் கிடைக்கும்?" பதவி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்கெல்லாம் என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பேஷன்டின் தலைமாட்டில் எட்டு மணி நேரம் நிற்பது நீங்கள்தான். அங்கே நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்லாவிட்டால், பிள்ளை பெற்ற அந்தப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள், சார்ட்டில் ரெண்டு, மூணு என்று இருக்கும்.