அறுபத்தொரு கைகளில் கொடுத்த அட்டைகள்

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து மேசையில் அடையாள அட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்திருந்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. நூற்று நாற்பத்து மூன்று அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு பெருவிரல் ரேகை. மலாயாவில் அவசரகாலம் அது. பகா டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக அந்த வேலி. நான் தோட்டத்துக் கணக்கு எழுதும் இருபத்து மூன்று வயதுக் கிராணி. ஆள் ஆளாகக் கூப்பிட்டால் வெயில் ஏறிவிடும் என்று குடும்பத் தலைவர்களை மட்டும் கூப்பிட்டு, வீட்டு அட்டைகளை மொத்தமாகக் கொடுத்தேன். அறுபத்தொரு வீடு, அறுபத்தொரு கை. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஐம்பத்தெட்டு அட்டைகள் பெண்களுடையவை. அதைப் பிறகுதான் எண்ணினேன். பாலுக்காக மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் தலை எண்ணி அனுப்புவோம், எண்ணித் திரும்ப விடுவோம். அதற்கு அட்டை வேண்டாம். பஸ்ஸில் போகும்போது சோதனைச் சாவடியைத் தாண்டத்தான் வேண்டும். ஆகவே ஆண்கள் மனைவியரின் அட்டைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லா வீட்டிலும் இது நடந்தது.

நான்காவது லயத்தில் ஒரு பெண் இருந்தார். பெடாஸ் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் எல்லோருக்கும் அவர் பெடாஸ்காரம்மா. புருஷன் அடிப்பான். அது லயம் முழுவதும் கேட்கும். நாங்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். ஒரு நாள் பால் நிறுத்து முடிந்த மதியம், வீங்கிய இடது மணிக்கட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கிராணியாரே, என் கார்டு வேணும். பெடாஸ்ல அக்கா வீட்டுக்குப் போயிடுறேன். இன்னொரு வாட்டி அடிச்சா கை போயிடும்."

"உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

"கேட்டதுக்குத்தான் இது."

பக்கத்தில் நின்ற, வெட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சிரித்தார். "குடுத்துடாதீங்க லா. இவளுக்குக் குடுத்தா நாளைக்கு லயமே காலி. அப்புறம் நீங்களும் நானுந்தான் மரம் வெட்டணும்."

பெடாஸ்காரம்மா மண்டோரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தொலஞ்சு போச்சுன்னு ஒரு கடுதாசி எழுதுங்க. புதுசு குடுப்பாங்களாமே."

"தொலையலையே. பெட்டியிலதானே இருக்கு? நான் பொய் எழுத முடியாது."

"என் கைக்கு வராதது எங்க இருந்தா எனக்கென்ன, கிராணியாரே?"

அதற்கு முன்பு நான்கு பேருக்கு அப்படிக் கடிதம் எழுதியிருக்கிறேன். நால்வரும் ஆண்கள். அதில் ஒருவன் அட்டையைக் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு வந்தவன். அது அங்கேயே இருப்பது தெரிந்தும் எழுதினேன். பெடாஸ்காரம்மாவிடம் மட்டும் நேர்மையாக இருந்தேன்.

எட்டு நாள் கழித்து நூற்றுப் பதினெட்டுப் பேர் வெளியே போனார்கள், நூற்றுப் பதினேழு பேர் திரும்பினார்கள். மூன்று முறை எண்ணினேன். ஒரு தலை குறைந்தால் காட்டுக்கு அரிசி கொண்டுபோனதாகச் சந்தேகம் வரும், எல்லோருக்கும் ரேஷன் நிற்கும். நான்தான் போலீசுக்குத் தகவல் கொடுத்தேன். பகாவைத் தாண்டி இரண்டாவது மைல் சோதனைச் சாவடியில், அட்டை இல்லாதவர் என்று பெடாஸ்காரம்மாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, போலீஸ் லாரியில் கொண்டுவந்தார்கள். வாசலில் புருஷன் நின்றான். மடியிலிருந்து அவருடைய அட்டையை எடுத்துக் காட்டினான். போலீஸ்காரர் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அட்டையை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். பெடாஸ்காரம்மாவையும் அவனோடு அனுப்பினார். நான் பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது, இந்த வயதான காலத்தில், மாத்திரைகளை மூன்று முறை எண்ணித்தான் விழுங்குகிறேன். ஒன்று குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். என் மனைவியின் அட்டை என் அலமாரியில்தான் இருக்கிறது. சாவி என்னிடம். அவள் கேட்டதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிடுங்கிய பிறகும் பெட்டிகள் பூட்டியே இருந்தன. அதற்கும் மூன்று ஆண்டுகள் கழித்து பெடாஸ்காரம்மாவின் புருஷன் இறந்தான். அவனுடைய அட்டையை ஒப்படைக்க மைத்துனன் வந்தபோது, இரண்டு அட்டைகள் ஒரே துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. பெடாஸ்காரம்மாவை வரச் சொல்லி, அவருடையதை அவர் கையிலேயே கொடுத்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்து, "இனிமே அக்கா வீட்டுக்குப் போகலாம்மா" என்றேன்.

அட்டையை அவர் பார்க்கவே இல்லை. "அக்கா செத்து ரெண்டு வருசமாச்சு, கிராணியாரே" என்றார். பால் வாளியை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார்.