காலண்டர் பார்த்துச் செய்த கார்

மில்லை மூடியபோது கைக்கு வந்த செட்டில்மென்ட்டை வைத்து ஆளுக்கொன்று செய்தார்கள். ஒருவர் மளிகைக் கடை வைத்தார். ஒருவர் சோமனூர்ப் பக்கம் போய் நாலு தறி போட்டார். ஒருவர் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு, கவலையில்லாமல் சீட்டாடப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள். இப்போது நானே சிரிப்பதால் யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஈரோட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனவர், அங்கே ஒரு மஞ்சள் வியாபாரியின் குடோனில், மூட்டைகளுக்கு நடுவே அதைப் பார்த்திருக்கிறார். மறுவாரமே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வாசலில் தெருவே கூடி நிற்கிறது. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு ஓடினேன். ஆகியிருந்தது எனக்குத்தான்.

சரி, வாங்கியதுதான் வாங்கினார், ஒரிஜினல் சீமைக் காராவது வாங்கினாரா என்றால் அதுவும் இல்லை. எப்போதோ இங்கிலாந்தில் ஓடிய ஒரு பழைய காரைப் பார்த்து, கோயமுத்தூர்க்காரர் ஒருவர் ஃபைபரில் செய்த நகல். பார்த்து என்றால் நேரில் பார்த்து அல்ல, காலண்டர் படத்தில் பார்த்து. படத்தில் காரின் இடப்பக்கம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மனுஷன் அச்சு அசலாகச் செய்திருந்தார். தெரியாத வலப்பக்கத்துக்கு என்ன செய்வார் பாவம், தன் மனதுக்குத் தோன்றியதைச் செய்துவிட்டார். இடப்பக்கம் நின்று பார்த்தால் லண்டன், வலப்பக்கம் நின்று பார்த்தால் குனியமுத்தூர்.

இரண்டே சீட்டு. ஆர்.சி. புக்கில் மட்டும் ஐந்து பேர் உட்காரும் கார் என்று இருந்தது. ஃபைபர் கூட்டுக்கு அடியில் இருந்த சட்டமும் என்ஜினும் ஏதோ ஒரு பழைய காருடையவை, அந்தக் காரின் புக் அது. மீதி மூன்று பேர் எங்கே என்று கேட்டேன். "மேல ஏறி உக்காந்துக்கலாம் அம்மணி" என்றார். கதவைத் திறந்தால் மஞ்சள் தூள் பறந்தது. துடைத்துத் துடைத்து என் புடவை முந்தானை மங்கலகரமாகிவிட்டது, கார் மட்டும் அசையவில்லை.

இதற்கு நான் அவரை எவ்வளவு திட்டியிருக்க வேண்டும்! திட்டினேன்தான். ஆனால் முழு மனதோடு திட்ட முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மில்லில் அவர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். எந்த மெஷின் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். மில் மூடிய பிறகு ஆறு மாதம் அவர் தெருமுனையைத் தாண்டவில்லை. வேலை தேடிப் போகலாம், ஆனால் எந்தப் பட்டறையில் நுழைந்தாலும் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். "இப்ப எங்கீங்க இருக்கீங்க?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மனுஷன் பேப்பர் வாங்கக்கூடப் போவதில்லை. ஈரோட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால்தான் அந்த விசேஷத்துக்கே கிளம்பினார். கார் வந்த மறுநாள் விடியுமுன் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார். ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்துவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் சாமான் வாங்க வெளியே போக வேண்டுமே. அது என் தலையில் விழுந்தது.

முதல் சனிக்கிழமை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளுக்குப் போனேன். கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார் வேண்டும் என்றேன்.

"எந்த வண்டிக்குங்க அம்மணி?"

"ஸ்போர்ட்ஸ் காருக்குங்க."

கடைக்காரர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையை நோக்கிக் குரல் கொடுத்தார். "ஏனுங்கண்ணா, சித்த இங்க வாங்க. அம்மணி ஸ்போர்ட்ஸ் காருக்கு சாமான் கேக்கறாங்க!" ஐந்தாறு பேர் வந்தார்கள். உட்கார ஸ்டூல் போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், ரொம்ப மரியாதையாக விசாரித்தார்கள். மோட்டார் மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் புத்தி வந்தது. எரிந்துபோன மோட்டாரையே மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் பேசாமல் மேஜை மேல் வைத்தேன். அதே கடைக்காரர் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்து, "இது டெம்போவோடதுங்களே" என்று உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் ரகசியம் பிடிபட்டது. காலண்டர்காரர் கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டுத்தான் கார் செய்திருக்கிறார். ஸ்டியரிங் ராடு அம்பாசிடருடையது. முன் விளக்குகள் டிராக்டருடையவை. பெட்ரோல் டேங்க் மூடி கிணற்று மேட்டு ஆயில் என்ஜினிலிருந்து வந்தது. செய்தவரோ வளைகுடாவுக்குப் போய்விட்டார், கேட்க ஆள் இல்லை. ஆகவே காரின் பெயரை வெளியே சொல்லாமல், பாகத்தை மட்டும் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

கடையில் கிடைக்காததைப் பட்டறையில் செய்ய வேண்டும். இங்கேதான் எங்கள் ஊரின் குணம் வேலையைக் காட்டியது. கோயமுத்தூரில் முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சாம்பிள் குடுத்துட்டுப் போங்க, செஞ்சுபோடலாமுங்க" என்பார்கள். சொன்னபடி செய்தும் விடுவார்கள். ஆனால் சாம்பிளில் உள்ளபடி செய்ய அவர்களுக்குக் கை வராது. "ஒரிஜினலு ரொம்ப லேசுங்க அம்மணி. நானு எச்சாக் கெட்டியா செஞ்சுபோட்டேன், பேரன் காலத்துக்கும் வருமுங்க" என்று இரண்டு கையாலும் தூக்கிக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் சாமான் நல்லதா என்று பார்ப்பது தூக்கிப் பார்த்துத்தான். கதவுக்கு ஒருவர் செய்து தந்த கீல், குடோன் கேட்டையே தாங்கும். அதை மாட்டியதும் கீல் நின்றது, ஃபைபர் கதவு பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. ஓடுவதற்காக லேசாகச் செய்த கார் வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே போனது.

இன்னொன்றும் கனத்துக்கொண்டே போனது. அது என் வாயிலிருந்து வந்தது. சாம்பிளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே எல்லாரும் கேட்பது, "ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று. முதல் இடத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில், "கார் பண்றாருங்க" என்றேன். அதில் பொய் இல்லை. மூன்றாவது இடத்தில் அது கார் கம்பெனி ஆயிற்று. ஆவாரம்பாளையத்தில் பம்பு பட்டறை வைத்திருந்தவரிடம் போனபோது கம்பெனியில் ஏழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் அசந்துபோய், "அப்படீங்களா!" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் பிடித்தும் இருந்தது. வீட்டுக்காரரை மதித்து ஒருவர் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது.

அந்தப் பம்புக்காரரிடம் போனது காரின் தண்ணீர் பம்புக்காக. என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன பம்பு அது, விரிசல் விட்டிருந்தது. அந்த என்ஜின் எப்போதோ நின்றுபோன மாடல், பழசிலும் கிடைக்காது. நெற்றி நிறையத் திருநீறும், சட்டை நிறைய ஆயிலுமாக இருந்த அவர் பம்பைக் கையில் வாங்கியதும் அவருடைய முகமே மாறிவிட்டது. "தண்ணிப் பம்புக்கு நம்மகிட்டல்லங்க மொதல்ல வந்திருக்கோணும்!" என்றார். பத்து நாளில் வார்த்துக் கடைந்து, பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் எனக்குக் கால் மரத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பை மாட்டி என்ஜினைக் கிளப்பினார். கிளம்பிவிட்டது! நான் கைதட்டினேன். அவர் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். ரேடியேட்டரின் ரப்பர் குழாய் படீரென்று வெடித்து, தண்ணீர் பீய்ச்சியடித்து எதிர்வீட்டு முருங்கை மரம் வரை போயிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நனைந்தார்கள். வீட்டுக்காரர் தலை முதல் கால் வரை நனைந்து நின்றார். பிறகு பம்பைக் கழற்றி, உள்ளே சுற்றும் இம்பெல்லரைப் பார்த்தார்.

"அம்மணி, இது காருக்குச் செஞ்சதில்ல. தென்னந்தோப்புக்குச் செஞ்சது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மில் மூடிய பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது. இம்பெல்லர் எவ்வளவு இருக்க வேண்டும், இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று தெரியாமல் ஒரு பட்டறையா என்று கத்தினார். பேப்பரில் படம் போட்டார். "நானே போறேன்" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்க நான் வேண்டாத சாமி இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்த நிமிஷமே ஏழு பேர் வேலை செய்யும் கம்பெனி ஞாபகத்துக்கு வந்தது.

"வேண்டாங்க. படத்தக் குடுங்க, நானே குடுத்துட்டு வாரேன்."

"உனக்குச் சொல்லத் தெரியாது."

"தெரியுமுங்க. இத்தன நாளு நாந்தான போனேன்."

"அதனாலதான் தென்னந்தோப்பு பம்பு வந்திருக்குது" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். வழியெல்லாம், அந்த மனுஷன் இன்றைக்குப் பட்டறைக்கு வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்க வாங்க, கார் கம்பெனி ஓனருங்களா! அம்மணி உங்களப் பத்தி நெறையச் சொல்லியிருக்காங்க. ஆளுங்களுக்கெல்லாம் வேல நல்லாப் போகுதுங்களா? மாசம் எத்தன வண்டி எறக்கறீங்க?"

வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த இரும்புச் சுருள்களைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், அப்படியே போய்விடும். சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"கம்பெனியெல்லாம் இல்லீங்க" என்றார் அவர். "மில்லுல ஃபோர்மேனா இருந்தேன். மூடிப்போட்டாங்க. இப்ப ஊட்டுல சும்மாதானுங்க இருக்கேன். ஒரே ஒரு கார்தானுங்க, அதுவும் ஓடல."

பம்புக்காரர் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து எட்டிப் பார்த்த பச்சைப் பம்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். "ஏனுங்க ஓடல? நம்ம பம்புல என்னங்க கொற?" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். தண்ணீரை வேகமாகத் தள்ளுவது ஒரு குறையா என்று அவர் கேட்டார். தள்ளுவது அல்ல, சுற்றுவதுதான் வேலை என்று இவர் சொன்னார். தரையில் சாக்பீஸால் படம் போட்டார்கள், அழித்தார்கள், மறுபடியும் போட்டார்கள். மத்தியானம் அங்கேயே பம்புக்காரருடைய டிபன் கேரியரிலிருந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது பம்புக்காரர், "நாளைக்குப் புது பம்புக்கு அச்சு எடுக்கறோமுங்க, நீங்க வந்து கூட நில்லுங்க. எம்பட பம்பு ரெண்டு மூணு திரும்பி வந்து கெடக்குது, அதையுஞ் சித்த பாருங்க" என்றார். வீட்டுக்காரர் சரி என்றார்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தோம். காந்திபுரம் வரை அவர் இம்பெல்லரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், கம்பெனியைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆறு மாதமாக, அந்தக் கேள்விக்கு இப்படியா பயப்படுவது, கேட்டால் சொல்லிவிட்டுப் போவதுதானே என்று அவரைத் திட்டியவள் நான். அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

"கோவமாங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இனிமே எவனாவது கேட்டா சும்மா இருக்காருன்னே சொல்லிப்போடு அம்மணி. எனக்கு அதுல வெக்கமில்ல."

"எனக்கு இருந்துச்சுங்க" என்றேன்.