பிளஸ் டூ இல்லாதவர்களின் மேசை

தொலைநிலைக் கல்வி மையத்தில் சேர்க்கை மேசைக்காரனுக்கு, படிவத்தைச் சரிபார்க்க ஆகும் நேரத்தைவிட எதிரே உட்கார்ந்திருப்பவரின் கூச்சத்தைப் போக்க ஆகும் நேரம்தான் அதிகம். ஏதாவது ஒரு விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதுவதா, கோடு இழுப்பதா என்று தெரியாமல் பேனாவைக் கடித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

எங்கள் மையம் குன்னூரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் நேராகப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடலாம். அவர்களுக்கு வேறு மேசை. பள்ளியைப் பாதியில் விட்டு, வயது ஏறிய பிறகு படிக்க வருகிறவர்கள் என்னிடம் வருவார்கள். அவர்களுக்குக் கொடுப்பது தற்காலிகச் சேர்க்கை. ஆறு மாதம் ஆயத்தப் படிப்பு, முடிவில் ஒரு நுழைவுப் பரீட்சை. தேறினால் சேர்க்கை உறுதி, தேறாவிட்டால் ரத்து. போன வருடம் அப்படி வந்த மூன்று பேரை என்னால் மறக்க முடியாது.

டெம்பரவரி

ரங்கசாமிக்கு நாற்பத்து மூன்று வயது. கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில், பச்சை இலையை வாட்டுகிற இடத்தில் வேலை. குல்லாயைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்வதற்கே மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மேசையில் வைத்துவிட்டு, அதை நான் கேலி செய்யப்போகிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'தற்காலிகச் சேர்க்கை' என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு முகம் வாடிவிடும். சிலர் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனதும் உண்டு. அதனால் ரங்கசாமியிடம் சுற்றி வளைத்து, இது வெறும் ஆறு மாதத்துக்குத்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று நீளமாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதல் முறையாகச் சிரித்தார்.

"டெம்பரவரின்னு சொல்றதுக்கு ஏனுங்க சார் இவ்வளவு தயங்கறீங்க? ஃபேக்டரில நான் பதினாறு வருசமா டெம்பரவரிதானுங்க!"

காப்பாளர் கையொப்பம்

சாவித்திரி மார்க்கெட்டில் காய்கறிக்கடை வைத்திருப்பவர். ஒன்பதாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, நாற்பத்தாறு வயதில் வந்திருந்தார். படிவத்தின் கடைசியில் 'பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காக அச்சடித்தது. அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் விண்ணப்பத்தைத் திருப்பிவிடும் என்பதால், வீட்டில் யாராவது போடட்டும் என்றேன். சாவித்திரி தயங்கினார். அப்பா அம்மா இல்லை. வீட்டுக்காரர், இந்த வயசில் படிப்பு எதுக்கு என்று கேட்டுவிட்டாராம்.

மறுநாள் மகளோடு வந்தார். கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிற பெண், லீவில் வந்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், பெண்களுக்குத் தனியாக டாய்லெட் உண்டா, பாடப் புத்தகம் எப்போது வரும் என்று என்னைக் குடைந்தெடுத்தாள். திருப்தியான பிறகுதான் கையெழுத்துப் போட்டு, உறவுமுறை என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினாள். சாவித்திரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அம்மா கிளாஸுக்கு வரலீன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. கடையில கூட்டம்னு சாக்கு சொல்லுவாங்க, நம்பீராதீங்க."

இஸ்கோல் படம்

மூன்றாமவர் பாக்கியம். ஒரு எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் அதைப் பிள்ளைக் காம்பரா என்பார். அவருடைய குடும்பம் இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பி வந்தது. அந்தப் பேச்சு அவரிடம் இன்னும் இருக்கிறது. இருபது வருடம் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவரிடம் எஸ்டேட் புது மேனேஜர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். காம்பராவின் பொறுப்பில் இருப்பவர் பட்டப்படிப்பு படித்திருக்க வேண்டும், அல்லது வருடக் கடைசிக்குள் அதில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி மலையில் கொழுந்துக்குப் போக வேண்டியதுதான். ஐம்பத்தொரு வயது. முழங்கால் ஒன்று சரியாக மடங்காது.

இங்கே வந்த பிறகு அவர் எட்டாம் வகுப்பு வரை படித்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தை மூடியே பல வருடமாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழும் கிடையாது. ஆதாரோடு இன்னொரு வயதுச் சான்றும் வேண்டும் என்றதும், மஞ்சள் பையிலிருந்து அவருடைய அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்தார். அதில் பிள்ளைகளின் பெயரும் வயதும் இருந்தன. 'பாக்கியலெட்சுமி, ஒன்பது.' ஆதாரில் வெறும் பாக்கியம். இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரச் சொன்னேன். பிறகு பாஸ்போர்ட்டில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தேன். அம்மா மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு சிறுமி.

"அதுல அழுவுறது நாந்தான் சார். கப்பலேறப் போறோம்னு இஸ்கோல்ல பேரு வெட்டிட்டு வந்த அன்னைக்கி எடுத்த படம்."

சதவீதம்

வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். கணக்கு வாத்தியார் நல்ல மனிதர். உள்ளூர் உதாரணம் சொன்னால் சுலபமாகப் புரியும் என்று நினைத்து, நூறு கிலோ பச்சை இலையில் இருபத்தைந்து கிலோ டீத்தூள் கிடைத்தால் எத்தனை சதவீதம் என்று கேட்டார். சாவித்திரி உடனே இருபத்தைந்து என்றார். பாக்கியம் நோட்டில் எழுதிவிட்டார். ரங்கசாமி மட்டும் எழுதாமல் கையைத் தூக்கினார்.

"மழையில பறிச்ச எலைங்களா, வெயில்ல பறிச்ச எலைங்களா? அதச் சொல்லாம எப்படிங்க சார் இருவத்தஞ்சுன்னு எழுதறது?"

மூன்று நிமிஷம்

பரீட்சை பத்து மணிக்கு, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விடக் கூடாது. முந்தின நாளிலிருந்தே மழை. காலையில் கோத்தகிரி ரோட்டில் ஒரு பெரிய மரம் விழுந்து பஸ்கள் நின்றுவிட்டன என்று செய்தி வந்தது. சாவித்திரி ஒன்பது மணிக்கே வந்து இரண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ரங்கசாமியும் பாக்கியமும் வர வேண்டிய வழியே அந்த ரோடுதான். இருவரும் போனை எடுக்கவில்லை. நான் குடையோடு கேட்டில் நின்றேன். பத்தே கால் ஆயிற்று. பத்து இருபது ஆயிற்று. பரீட்சைக் கண்காணிப்பாளர் கீழே சமவெளியிலிருந்து வந்த அம்மையார், கண்டிப்பானவர் என்று பெயர். அவர் வராந்தாவுக்கு வந்து ஒரு தடவை கடிகாரத்தையும் ஒரு தடவை என்னையும் பார்த்துவிட்டுப் போனார்.

பத்து இருபத்தேழுக்கு இலை ஏற்றுகிற பிக்கப் வண்டி ஒன்று கேட்டில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பாக்கியம் இறங்கினார், பின்னால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ரங்கசாமி குதித்தார். விழுந்த மரத்தை ஏறிக் கடக்கப் பாக்கியத்தால் முடியவில்லை. ரங்கசாமியும் மரம் வெட்ட வந்தவர்களும் சேர்ந்து அவரைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து இந்த வண்டி. நனைந்த சேலையோடு, காலை இழுத்துக்கொண்டு, ஹால் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்தபடி பாக்கியம் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஹாலுக்குள் போனதும் கவரை நீட்டினார். கண்காணிப்பாளர் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்தினார்.

"உக்காருங்கம்மா, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. மூச்சு வாங்கிட்டு எழுதுங்க."

இழுப்பறை

முடிவு வந்த அன்று ரங்கசாமி தேறியிருந்தார். சாவித்திரியும் தேறியிருந்தார்; அவருக்கு முன்னால் அவர் மகள் பார்த்துவிட்டாள். பாக்கியத்தின் எண்ணுக்கு நேராக 'முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்றிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தால், பெயர் மாறுபடுகிறது, உறுதிமொழிப் பத்திரம் வந்து சேரவில்லை என்றார்கள். அதெல்லாம் அனுப்பியாயிற்று என்று அழுத்திச் சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்தேன். ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கு அடியில், மடித்தது மடித்தபடி, அந்தப் பத்திரம் இருந்தது. நான்தான் அனுப்ப மறந்திருக்கிறேன். வருடக் கடைசிக்கு நான்கு நாள். உங்களில் யாருக்காவது இப்படி இழுப்பறையைத் திறந்த அனுபவம் இருந்தால், அந்த நேரத்தில் காது எப்படி அடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கியத்திடம் போனில் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவு எந்த மாடியில் என்று தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். தவறு என்னுடையது, அந்த அம்மாவுடையது இல்லை என்று எழுதியும் கொடுத்தேன். பிரிவு அதிகாரி பாஸ்போர்ட் நகலையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டார். தேர்ச்சி. சேர்க்கை உறுதி. படிக்கட்டிலேயே நின்று பாக்கியத்தைக் கூப்பிட்டேன். பின்னால் ஏழெட்டுக் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு நிமிசம் இருங்க சார், கையில இருக்கிற புள்ளய எறக்கிட்டு ஒக்காந்துக்கிறேன். நின்னுக்கிட்டு கேக்க முடியல."

பட்டம் வாங்க அவர்கள் மூன்று பேருக்கும் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எனக்கோ அடுத்த சேர்க்கை தொடங்க இரண்டு வாரம் இருக்கிறது, அதுவரை நிம்மதியாகத் தூங்கலாம் என்பதே என் பங்குக்குக் கிடைத்த பட்டம்.