சொல்லாமல் வந்த வரி

ரேடியோ அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி அவளுக்கு. பார்வை கிடையாது, வாய் ஓயாது. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு என்று சாட்டில் புலம்புகிறவர்களுக்குப் பதில் போடுவது எங்கள் வேலை. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் ஹெட்போனில் அவளுக்கு வாசித்துக் காட்டும். எங்களைத் தூக்கிச் சாப்பிடும் வேகத்தில் தட்டுவாள்.

அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு மூலை, ஒரு கட்டில். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடமாட்டார்களாம். அதிலிருந்து தப்பித்து வந்த இடம் இந்த நாற்காலி. வேலை போனால் மறுபடி அந்தக் கட்டில்தான்.

போன மாதம் சாட் பக்கத்தை மாற்றினார்கள். புது வரி விழுந்தால் பிரவுசர்தான் அந்த மென்பொருளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். எந்த இடம் மாறும் என்று பக்கத்தை எழுதியவர் குறித்து வைத்தால்தான் அது கொடுக்கும். இந்தப் புண்ணியவான்கள் குறிக்கவேயில்லை. கேள்வி வந்து நிற்கும், அக்கா காதில் சத்தமே இருக்காது. அம்புக்குறியைத் தட்டித் தட்டி மேலும் கீழும் தேடினாள். எங்கே எதை விட்டுவிடுவோமோ என்று பாத்ரூமுக்குக்கூட எழவில்லை. பேச்சும் நின்றுபோனது.

புகார் செய்தோம். உடனே குறித்தார்கள், பக்கம் முழுவதையும்! ஓடும் கடிகாரம், 'எழுதுகிறார்' என்ற அறிவிப்பு என்று எல்லாம் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கத்தின. கேள்வி மட்டும் கேட்கவில்லை. மறுபடி புகார் செய்தோம், எல்லாக் குறியையும் எடுத்துவிட்டார்கள், மறுபடி பழைய மௌனம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். மேனேஜர் கண்ணில் பட்டதெல்லாம் அக்காவின் தாமதம்தான்.

நேற்று மதியம் அவள் திரையில் ஒரு வரி விழுந்தது. வாடிக்கையாளர் இல்லை, மேனேஜர். 'பதில்கள் தாமதமாவதால் இன்றோடு உங்கள் வேலை முடிகிறது. பார்த்ததும் பதில் போடவும்.'

எப்படிச் சொல்வேன்? அக்கா எங்கோ மேலே ஒரு பழைய வரியில் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் கண்ணாடி அறையிலிருந்து அவரே வந்து நின்றார்.

“பாத்தீங்களா, இதுக்கும் லேட்டுதான்” என்றார் என்னிடம்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். “எதுக்கு சார் லேட்டு? ஏதாவது வந்திருக்கா?”

விரலை நீட்டித் திரையைக் காட்டினார். அக்கா அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள்.