சூரியன் கர்ப்பூரம் அல்ல

பிள்ளைகளே, மூத்தவள் எங்கள் தீவிலிருந்து படகேறி ஊர்காவற்றுறைக்கு விஞ்ஞானப் பேச்சுப் போட்டிக்குப் போன அன்று நான் விட்ட பிழையை உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

முதல்நாள் பின்னேரம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். சூரியனுக்குள் ஐதரசன் அணுக்கருக்கள் சேர்ந்து ஈலியமாகும்போது ஏன் சக்தி வருகிறது? நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. கர்ப்பூரம் மாதிரித்தான், மிச்சமில்லாமல் எரிந்து ஒளியாகிவிடும் என்றேன். பூசை செய்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? அவள் அதைத் தன் பேச்சின் நடுவில் எழுதிக்கொண்டாள்.

விடியக் கோயிலைத் திறந்து விளக்கேற்றியபோது கூரை முகடு கண்ணில் பட்டது. கர்ப்பூரக் கரி தடிப்பாகப் படிந்திருந்தது. கர்ப்பூரம் எங்கும் போய்விடவில்லை. கரியும் புகையுமாக இங்கேயே இருக்கிறது. அவளுடைய படகு ஏழு மணிக்கு.

அபிஷேகத்துக்குத் தண்ணீர் அள்ளப் போனேன். வாளியைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு யோசித்து நின்றதில், முழங்கை பட்டு அது உள்ளே விழுந்தது. கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. தரையிலிருந்து கட்டுவரை தூக்க நான் போட்டது கொஞ்சப் பலம். விழுந்தபோது வந்தது அதைவிட எவ்வளவோ கூட.

ஈர வேட்டியோடு வீட்டுக்கு ஓடி, குசினியில் அடுப்படி நிலத்தில் அவளுடைய புத்தகத்தை விரித்தேன். கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தாண்டவே அத்தனை வெப்பம். மிகக் கிட்ட வந்ததும் பெரிய இழுவை ஒன்று பிடித்துச் சேர்க்கும். அப்போது வெளியே வருவது, தாண்டுவதற்குக் கொடுத்ததைவிடக் கூட. அது வெளியேறியதால்தான் ஈலியம், சேர்ந்த கருக்களின் மொத்தத்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு. மூன்று தடவை வாசித்தேன்.

அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, கர்ப்பூரம் பிழை. நான் தெரியாமல் சொல்லிப்போட்டன்."

"பூசை நேரத்தை இப்பிடிக் கடைசியில மாத்துவியளோ அப்பா? தெரியாது எண்டு நேற்றே சொல்லியிருக்கலாமெல்லோ."

உள்ளங்கையைக் காட்டிக் கிணற்றைச் சொன்னேன்: கட்டுக்குத் தூக்கக் கொஞ்சம், விழுந்தால் அதைவிடக் கூட. அவள் கையைப் பார்த்தாள், பேச்சுத் தாளில் ஒரு பக்கம் முழுவதையும் கோடுபோட்டு வெட்டினாள். வழக்கமாக என்னிடம் திருநீறு வாங்கிக்கொண்டுதான் வெளிக்கிடுவாள். அன்று வாங்கவில்லை.

மத்தியானப் பூசையில் மணியைக் கையில் வைத்துக்கொண்டே மணியைத் தேடினேன்.

பின்னேரம் வந்தாள். பரிசில்லை. கருக்கள் சேர்ந்தால் ஏன் சக்தி வரவேண்டும் என்று நடுவர் மடக்கினாராம். கிணற்றைச் சொன்னாளாம். அவர் தலையாட்டினாராம்.

"இனித் தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. ரெண்டு பேருமாப் பாப்பம்."

ஓம் என்றேன்.

அந்திப் பூசை முடிந்து எல்லோரும் போனபின் கிணற்றடிக்குப் போனேன். வெறும் வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்து, ஒரு விரலால் தள்ளினேன். சத்தம் கேட்டது. பிறகு உரிந்த கையாலேயே அதை மேலே இழுத்தேன்.